வீடு பெரியகல்லாறு, பாடசாலை கல்முனை: வெட்டுப்புள்ளி வரும்வரை என்ன செய்வது?

ஒரு தாய் கேட்டிருக்கிற கேள்வி இது. பெரியகல்லாற்றில் வீடு. மகள் ஆறாம் தரத்திலிருந்து கல்முனையில் படித்தவள், உயர்தரத்தில் பயோ (உயிரியல் பிரிவு), முதல் தடவையிலேயே நல்ல பெறுபேறு, ஆனால் போன வருட மருத்துவ வெட்டுப்புள்ளிக்கு, அதாவது அந்தப் படிப்புக்குத் தெரிவாகத் தேவைப்பட்ட மிகக் குறைந்த இசட் புள்ளிக்கு, கொஞ்சம் கீழே மகளின் இசட் புள்ளி நிற்கிறது. விண்ணப்பம் அனுப்பியாயிற்று, வெட்டுப்புள்ளி இன்னும் வரவில்லை. அப்பா கட்டாரில். மகளுக்குச் சாப்பாடும் நித்திரையும் குறைந்துவிட்டன, சொந்தக்காரர் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்கு ஆள் சேர்க்கிற ஒருவர் இந்த மாதத்துக்குள் முற்பணம் கட்டச் சொல்லி நெருக்குகிறார். கிடைக்குமா, காத்திருப்பதா, இரண்டாம் தடவை எழுதுவதா, காசைக் கட்டுவதா?

தங்கச்சி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஏஜென்டுக்கு இந்த மாதம் ஒரு சதமும் கட்ட வேண்டாம். காரணத்தைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன், ஆனால் மிச்சத்தை வாசிக்க முதலே கட்டாருக்கு ஒரு மெசேஜ் போட்டு இதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, நீங்கள் எந்த மாவட்டத்து வெட்டுப்புள்ளியோடு மகளை ஒப்பிட்டுக் கவலைப்படுகிறீர்கள்? எழுதியிருப்பதைப் பார்த்தால் மட்டக்களப்போடு என்றுதான் தெரிகிறது. வீடு மட்டக்களப்பு மாவட்டம், சரி. ஆனால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒரு பிள்ளையின் மாவட்டத்தைத் தீர்மானிக்கும்போது முதலில் பார்ப்பது பாடசாலையை. பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்களும் ஒரே மாவட்டத்துப் பாடசாலையில் படித்திருந்தால் பொதுவாக அந்த மாவட்டத்துப் பிள்ளையாகவே எடுப்பார்கள், இடையில் மாவட்டம் மாறிப் படித்தவர்களுக்குத்தான் வேறு கணக்குகள் வரும். கல்முனை அம்பாறை மாவட்டம். அப்படியென்றால் உங்கள் மகள் நிற்பது அம்பாறை வரிசையில். கல்லாறு, துறைநீலாவணை, களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறிக் கல்முனைக்குப் போய்ப் படிக்கிற பிள்ளைகளின் வீடுகளில் ஒவ்வொரு வருடமும் இதே குழப்பம்தான், வேறு மாவட்டத்து எண்ணைப் பார்த்து அழுகிறவர்களும் உண்டு, சந்தோசப்பட்டு ஏமாறுகிறவர்களும் உண்டு. விண்ணப்பத்தின் பிரதி மகளிடம் இருக்கும். அதில் பாடசாலை விபரம் எப்படிக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். அப்புறம் போன வருட வெட்டுப்புள்ளிப் பட்டியலில் அம்பாறை நிரலைத் திறந்து மறுபடி ஒப்பிடுங்கள். கவலை கூடலாம், குறையலாம், ஆனால் சரியான எண்ணைப் பார்த்துக் கவலைப்படுவீர்கள்.

இப்போது அந்த எண் எப்படி வருகிறது என்று கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் நடக்கிற சண்டையில் பாதி இது தெரியாததால் வருவது. ஒரு கற்கைநெறிக்கு நாடு முழுக்க உள்ள இடங்களில் 40 வீதம் வரை அகில இலங்கைத் தர வரிசையில் போகும், மாவட்டம் பார்ப்பதில்லை. 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி பிரியும். மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறித்த 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கும், அந்த 16 இல் மட்டக்களப்பும் அம்பாறையும் திருகோணமலையும் உண்டு. (ஆர்ட்ஸ் பிள்ளைகளுக்கு இது பொருந்தாது. கலைத்துறைக் கற்கைநெறிகளில் பெரும்பாலானவற்றுக்கு அகில இலங்கை வரிசை மட்டும்தான்.)

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் இலங்கை 2 கோடி 3 இலட்சம் சொச்சம், அம்பாறை 6 இலட்சத்து 49 ஆயிரம், மட்டக்களப்பு 5 இலட்சத்து 26 ஆயிரம். அதாவது அம்பாறை நாட்டில் 3.2 வீதம், மட்டக்களப்பு 2.6 வீதம். விளங்குவதற்காக மட்டும், நாடு முழுக்க மருத்துவத்துக்கு 2000 இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 800 அகில இலங்கை வரிசைக்கு. 1100 மாவட்டங்களுக்கு, அதில் அம்பாறைக்கு ஏறத்தாழ 35, மட்டக்களப்புக்கு 28. பின்தங்கிய மாவட்டங்களின் 100 இல் அம்பாறைக்கு இன்னும் ஏழெட்டு, மட்டக்களப்புக்கு ஆறு. ஒரு முழு மாவட்டத்தில், சிங்களம் தமிழ் ஆங்கிலம் என்று எந்த மொழியில் எழுதியவர்களும், கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், அம்பாறை நகரம் என்று எல்லாரும் ஒரே வரிசையில் நின்று, நாற்பத்துச் சொச்சம் பேர்.

இந்த அளவு சின்ன எண்ணிக்கையில் என்ன நடக்கும்? இந்த வருடம் போன வருடத்தை விடப் பத்துப் பிள்ளைகள் நன்றாகச் செய்திருந்தால் கோடு மேலே ஏறும். நன்றாகச் செய்த ஐந்து பேர் அகில இலங்கை வரிசையிலேயே போய்விட்டால் அவர்கள் மாவட்ட இடத்தைத் தின்னமாட்டார்கள், கோடு கீழே இறங்கும். இசட் புள்ளியே அந்த வருடம் அந்தப் பாடம் எழுதிய எல்லாருடைய சராசரியிலிருந்தும் ஒரு பிள்ளை எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறாள் என்பதன் அளவுதானே, மூன்று பாடத்துக்கும் அப்படிப் பார்த்துச் சராசரி எடுக்கிறார்கள், நாலு தசம தானம் வரைக்கும். ஆகவே போன வருடக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே என்பதை வைத்துக் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது, கிடைக்காது என்றும் சொல்ல முடியாது. அப்படி அடித்துச் சொல்கிற எவரையும், அவர் எவ்வளவு பெரிய டியூஷன் மாஸ்டராக இருந்தாலும், நம்பாதீர்கள்.

இதைவிட நல்ல தடயம் ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. பெறுபேற்றில் இசட் புள்ளிக்குப் பக்கத்தில் மாவட்ட நிலை, அகில இலங்கை நிலை என்று இரண்டு எண்கள் வந்திருக்கும். நீங்கள் அதை எழுதவில்லை. மாவட்ட நிலை 40 க்குள் என்றால் ஒரு கதை, 60 பக்கம் என்றால் இழுபறி, 100 தாண்டினால் மருத்துவத்தை இந்தத் தடவைக்கு மறந்துவிட்டு மற்றத் தெரிவுகளைப் பற்றி யோசிக்க வேண்டியதுதான். இதுவும் துல்லியமான கணக்கு இல்லை. அந்த வரிசையில் நிற்கிற சிலர் விண்ணப்பிக்கவே மாட்டார்கள், மேலே உள்ள சிலர் அகில இலங்கை இடத்தில் போவார்கள், ஆணைக்குழு மாவட்டத்தைக் கணிக்கும்போது சிலர் இடம் மாறுவார்கள். ஆனாலும் போன வருட வெட்டுப்புள்ளியை வைத்து ஊகிப்பதை விட இது நிதானமானது.

இன்னொன்றும் கவனியுங்கள். மருத்துவ வெட்டுப்புள்ளி என்று ஊரில் பேசுவது பெரும்பாலும் கொழும்பு மருத்துவ பீடத்தின் எண்ணை. ஒரு மாவட்டத்துக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனி எண் வரும். மகளுக்கு வேண்டியது அந்த வரிசையில் உள்ள மிகக் குறைந்த எண். எல்லா மருத்துவ பீடங்களையும் தெரிவில் போட்டிருக்கிறாள் என்றால் அதைத் தாண்டினால் போதும்.

ஏன் இவ்வளவு நாள் என்று கேட்டிருக்கிறீர்கள். பெறுபேறு வந்ததும் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பம் எடுப்பார்கள், அந்த முடிவுகள் வந்தால் சிலரின் இசட் புள்ளி மாறும், மாறினால் வரிசை மாறும், ஆகவே அது முடியாமல் வெட்டுப்புள்ளி போட முடியாது. அதோடு நாடு முழுக்க வந்த விண்ணப்பங்களின் பாடசாலை, மாவட்டம், தகைமை எல்லாம் சரிபார்க்க வேண்டும், ஒவ்வொரு பிள்ளையும் போட்ட தெரிவு ஒழுங்கோடு பொருத்த வேண்டும். மாதக்கணக்கில் எடுக்கும். பரீட்சையே தள்ளிப்போன வருடங்களில் இன்னும் மோசம். 2022 க்குரிய பரீட்சை 2023 ஜனவரியில்தான் தொடங்கியது, பெறுபேறு அந்த வருடம் செப்டம்பரில் வந்தது. 2024 நவம்பர் கடைசியில் வெள்ளம் வந்து பரீட்சை இடையில் நின்று, டிசம்பர் 4 இல் திரும்பத் தொடங்கி, பெறுபேறு 2025 ஏப்ரல் 26 இல் வந்தது. அந்த மழைக்குள் தண்ணீர் நின்ற வீட்டிலிருந்து போய் எழுதிய எங்கள் பக்கத்துப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கனக்கும்.

காத்திருக்கிற காலத்தில் மாற்ற முடியாதது எது, முடிவெடுக்க வேண்டியது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். மீள்பரிசீலனைக்குப் போடாவிட்டால் இசட் புள்ளி மாறாது. தெரிவு ஒழுங்கும் போய்விட்டது. மகள் எந்தெந்தக் கற்கைநெறிக்குத் தகுதியோ அவற்றில் அவள் மேலே போட்டது கிடைக்கும், கீழே போட்டது வராது, அவ்வளவுதான் அதன் வேலை. (இன்னும் விண்ணப்பிக்காதவர்கள் வாசித்தால் ஒரு வார்த்தை: கிடைக்கும் என்று நினைப்பதை மேலே போடாதீர்கள், விரும்புவதை மேலே போடுங்கள். ஒரு தெரிவைக் கீழே போட்டதற்காக அதற்கான வாய்ப்புக் குறைவதில்லை.) ஆனால் இரண்டாம் தடவை எழுதுவதா என்பது மட்டும் இப்போதே முடிவெடுக்க வேண்டியது. அதைத்தான் எல்லா வீடுகளும் வெட்டுப்புள்ளி வரட்டும் என்று தள்ளிப்போடுகின்றன.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்றால், அடுத்த பரீட்சைக்கான விண்ணப்பத்தின் முடிவுத் திகதி வெட்டுப்புள்ளிக்கு முன்பே வந்து போய்விடலாம். அது போகாவிட்டாலும், வெட்டுப்புள்ளி வந்த அன்று புத்தகத்தைத் திறந்தால் பரீட்சைக்குக் கொஞ்ச மாதம்தான் இருக்கும். இந்த மாதங்களைக் கவலையில் கரைத்துவிட்டு அந்தக் கொஞ்ச மாதத்தில் மகள் போன தடவையை விட நன்றாகச் செய்வாள் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. ஆகவே என் அபிப்பிராயம்: மருத்துவம்தான் வேண்டும் என்று அவள் உண்மையாகவே சொன்னால், கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற பிள்ளை ஒருமுறை திரும்ப எழுதுவதில் பிழையே இல்லை, பரீட்சை விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு இன்றைக்கே படிக்கத் தொடங்கட்டும். இடம் கிடைத்துவிட்டால் படித்தது வீணாகாது, பரீட்சைக்குப் போகாமல் விட்டுவிடலாம். இல்லை, எனக்குத் திரும்ப அந்தப் புத்தகத்தைப் பார்க்கவே முடியாது என்று அவள் சொன்னால் அதையும் அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள், வற்புறுத்தி எழுத வைத்த பிள்ளைகள் பெரும்பாலும் முன்னேறுவதில்லை. அரை மனதோடு படித்துக்கொண்டு அரை மனதோடு காத்துக்கொண்டு இருப்பதுதான் எல்லாவற்றிலும் கெட்டது.

இரண்டு விதிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் எழுதலாம். அதோடு ஒவ்வொரு வருட அனுமதியும் அந்த வருடப் பெறுபேற்றை வைத்துத்தான், அடுத்த தடவை புள்ளி குறைந்தால் இந்த வருடப் புள்ளியைக் காட்டி இடம் கேட்க முடியாது. இந்த வருடம் வேளாண்மையோ உயிரியல் விஞ்ஞானமோ கிடைத்து, பதிவும் செய்துவிட்டு, அடுத்த வருடம் மருத்துவத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பி இறங்காதீர்கள். பதிவு செய்தவர்கள் திரும்ப விண்ணப்பிப்பதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் உண்டு, ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் அந்தப் பகுதியை மகளோடு சேர்ந்து வரி வரியாக வாசியுங்கள். தமிழிலேயே இருக்கிறது. உண்மையைச் சொன்னால் அந்தக் கைநூலை முழுதாக வாசித்த பெற்றோரை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன், காசு கொடுத்து ஆலோசனை கேட்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

வீட்டுக்குள் நடப்பதற்கு வருகிறேன், எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியமாகத் தோன்றுகிறது. மகள் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை என்று ஒரு வரியில் எழுதிவிட்டு ஏஜென்டைப் பற்றிப் பத்து வரி எழுதியிருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, காசு நெருக்கடி அப்படித்தான் மனதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பெறுபேறு வந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, குளிர்த்தி என்று ஊரே கூடும், ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம், இடையில் கலியாண வீடு, பூப்புனித நீராட்டு விழா. போகிற இடமெல்லாம் "மகளுக்கு எது கிடைக்கும்?" என்பதுதான் முதல் கேள்வி. கேட்பவர்கள் அன்பில்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை, யாரிடமும் இல்லை, அதை ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்ல வைப்பது சித்திரவதை. கேள்வியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். "வெட்டுப்புள்ளி வந்தால் நாங்களே சொல்கிறோம்" என்று ஒரே பதில், யார் கேட்டாலும் அதுதான், மகள் பக்கத்தில் இருந்தாலும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். கட்டாரிலிருந்து அப்பா இரவில் எடுக்கிற கோலிலும் அந்தக் கேள்வி முதல் கேள்வியாக இருக்க வேண்டாம் என்று அவருக்குச் சொல்லுங்கள். தூரத்தில் இருக்கிற ஆளுக்கு வீட்டைப் பற்றிக் கேட்க வேறு விசயம் கிடைக்காது, அது விளங்குகிறது. மகளின் குரலைக் கேட்கத்தான் எடுக்கிறார் என்று அவளுக்குத் தெரியவேண்டும்.

வீதியோரத்தில் கட்டுகிற பதாதைகளைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் எந்தப் பக்கம் திரும்பினாலும் மருத்துவம், பொறியியல் என்று தெரிவானவர்களின் முகங்கள். அந்தப் பிள்ளைகளை வாழ்த்த வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் 2024 உயர்தரத்தில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெற்றவர்கள் 1 இலட்சத்து 77 ஆயிரத்துக்கு மேல், இடமோ தகுதி பெறுகிறவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்குத்தான். எந்தக் கற்கைநெறிக்காக இருந்தாலும் தெரிவாகிறது என்பதே பெரிய விசயம். எங்கள் பக்கம் அதை மறந்துபோய், மருத்துவம் கிடைக்காத பயோப் பிள்ளையைத் தோற்ற பிள்ளையாகப் பார்க்கிறோம். பதினெட்டு பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பாரம் என்று ஒரு ஆசிரியராக வருடா வருடம் பார்த்துக் கொதிக்கிறேன்.

சாப்பாடும் தூக்கமும் ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் குழம்பியிருந்தால், தனியே அழுகிறாள், யாரோடும் பேசுவதில்லை, வாழ்ந்து என்ன என்கிற மாதிரிக் கதைக்கிறாள் என்றால், தயங்காமல் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம். கலியாணம் பேசும்போது யாராவது தெரிந்துகொள்வார்கள் என்ற பயத்தில் இதைத் தள்ளிப்போடாதீர்கள். நேர்த்தி வையுங்கள், கோயிலுக்குக் கூட்டிப் போங்கள், அது அவளுக்கு ஆறுதல் என்றால் நல்லது, ஆனால் வைத்தியருக்குப் பதிலாக அல்ல.

மருத்துவம் இல்லையென்றால் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். அவள் போட்ட தெரிவுகளில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அவளோடு பேசுங்கள். பேராதனையில் பல் மருத்துவம், மிருக வைத்தியம், பிசியோதெரபி, ரேடியோகிராபி. தாதியியல் பட்டம் எங்கள் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்திலேயே இருக்கிறது, மருத்துவப் பட்டமும் அதே பீடத்தில்தான். சித்த மருத்துவம் திருகோணமலை வளாகத்தில். விவசாயம் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரதான வளாகத்தில். வந்தாறுமூலையா என்று முகத்தைச் சுளிக்கிற பெற்றோர் நிறையப் பேர் இருக்கிறார்கள். 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் முழுப் பல்கலைக்கழகமானது, யுத்தத்தின் மிக மோசமான வருடங்களைத் தாண்டி நின்றது, விவசாயமும் விஞ்ஞானமும் அங்கே முதலில் தொடங்கிய துறைகள், இன்றைக்கு இந்த மாகாணத்தில் விவசாயத் திணைக்களங்களிலும் வங்கிகளிலும் பாடசாலைகளிலும் இருக்கிற எத்தனையோ பேர் அங்கே படித்தவர்கள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் அப்படித்தான், அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து தூரமே இல்லை. ஆணைக்குழு மூலம் அனுமதி கிடைக்கிற அரச பல்கலைக்கழகங்களில் படிப்புக்குக் கட்டணம் இல்லை, பட்டத்தின் பெறுமதி ஊரின் பெயரில் இல்லை.

பல்கலைக்கழகமே கிடைக்காத பிள்ளைகளுக்கு: தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் தேசிய கல்வியியல் கல்லூரிகள், கோவில்குளத்திலும் சம்மாந்துறையிலும் உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்கள், மட்டக்களப்பில் தாதியர் பயிற்சிக் கல்லூரியும் திறந்த பல்கலைக்கழகத்தின் நிலையமும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விண்ணப்பம் கோருவார்கள், வர்த்தமானியிலும் பத்திரிகையிலும் வரும், ஒருவர் பொறுப்பெடுத்துக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றுக்கு விண்ணப்பித்தால் மற்றது போய்விடும் என்று பயந்து சும்மா இருப்பது பிழை. விண்ணப்பிப்பதால் எதுவும் போவதில்லை, பதிவு செய்வதற்கு முன்தான் யோசிக்க வேண்டும்.

வெட்டுப்புள்ளி வருகிற நாளைப் பற்றி. அதற்கு முதல் கிழமையிலிருந்தே வாட்ஸ்அப்பில் உத்தேச வெட்டுப்புள்ளி என்று பட்டியல்கள் சுற்றும். அவற்றில் எதையும் மகளுக்குக் காட்டாதீர்கள். ஆணைக்குழுவின் இணையதளத்தில் சுட்டெண்ணைப் போட்டுப் பார்ப்பது மட்டும்தான் உண்மை. எல்லாரும் ஒரே நேரத்தில் திறப்பதால் அது சுழன்றுகொண்டே இருக்கும், இரவு முழுக்க விழித்திருக்கத் தேவையில்லை, விடியப் பார்த்தாலும் அதே முடிவுதான். மகள் தானே பார்க்கட்டும், அவளுக்குத் தெரியாமல் மாமா பார்த்து ஊருக்குச் சொல்லி முடித்த வீடுகள் உண்டு, அதைப் போல ஒரு அவமானம் பிள்ளைக்கு இல்லை.

தெரிவாகிவிட்டால் குறித்த நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும், விட்டால் இடம் போய்விடும். அப்படிப் பதிவு செய்யாமல் விடுகிறவர்களால் வருகிற வெற்றிடங்களைப் பிறகு அதே வரிசையில் அடுத்து நிற்கிறவர்களைக் கொண்டு நிரப்புவார்கள். இதை நன்றாக மனதில் வையுங்கள், ஏனென்றால் முதல் பட்டியலில் நூலிழையில் தவறிய பிள்ளைக்கு வெற்றிடம் நிரப்பும்போது இடம் வருவது நடக்கிற விசயம். உங்கள் மகள் முதலில் வேறொன்றுக்குத் தெரிவானாலும் அதில் பதிவு செய்திருந்தால் மேலே போட்ட தெரிவுக்கு மாற்றம் வரலாம். மாவட்டம் பிழையாக எடுக்கப்பட்டது, புள்ளி இருந்தும் பெயர் வரவில்லை என்பது போன்றவற்றுக்கு மேன்முறையீடு செய்ய ஒரு காலக்கெடு தருவார்கள். உங்கள் விசயத்தில் வீடு ஒரு மாவட்டம் பாடசாலை ஒரு மாவட்டம் என்பதால், பாடசாலை அதிபரிடமிருந்து எந்தத் தரத்திலிருந்து எந்தத் தரம் வரை அங்கே படித்தாள் என்ற உறுதிப்படுத்தலை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாடசாலை விடுகைச் சான்றிதழ் மூன்றிலும் பெயர் எழுத்து ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள், ஒரு எழுத்து வித்தியாசத்தால் பதிவு நேரத்தில் ஓடித்திரிந்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். மகாபொல புலமைப்பரிசில், நிதியுதவி இரண்டுக்கும் குடும்ப வருமானம் கேட்பார்கள், கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம் என்று கையெழுத்து வாங்க நாள் எடுக்கும். அப்பாவின் கட்டார்ச் சம்பளத்தை மறைக்காமல் உள்ளபடி போடுங்கள்.

கடைசியாக அந்த ஏஜென்ட். வெளிநாட்டில் மருத்துவம் படிப்பது பிழை என்று நான் சொல்லவில்லை, அப்படிப் படித்துவிட்டு வந்து எங்கள் ஆஸ்பத்திரிகளில் நல்ல பெயரோடு வேலை செய்கிற டொக்டர்மார் இருக்கிறார்கள். ஆனால் மூன்று விசயம் அவர் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார். அந்தப் பல்கலைக்கழகம் இலங்கை மருத்துவ சபையால் அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் பட்டத்தோடு வந்தாலும் இங்கே பயன் இல்லை. அங்கீகாரம் இருந்தாலும் படித்து முடித்து வந்து மருத்துவ சபை நடத்துகிற பதிவுப் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் இங்கே தொழில் செய்யலாம், அதைத் திரும்பத் திரும்ப எழுதி வருடங்களைக் கழிக்கிறவர்களும் உண்டு. மூன்றாவது செலவு. முதல் வருடக் கட்டணத்தை மட்டும் சொல்லிச் சேர்ப்பார்கள், பிறகு ஐந்தாறு வருடத்துக்கு விடுதி, விசா, விமானம், நாணயம் ஏறி இறங்குவது எல்லாம் உங்கள் தலையில். முற்பணத்துக்கு மகளுக்கென்று வைத்த காணியை ஈடு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் காணி அவளுடையது, அவளுடைய முடிவு தெரியாமல், வெட்டுப்புள்ளியும் வராமல் அதில் கை வைப்பது எந்த விதத்திலும் சரியில்லை.

மாதக் கடைசி என்பது அவர் வைத்த கெடு. இந்த மாதம் இடம் இருக்கிறது, அடுத்த மாதம் இருக்காது என்று சொல்லிக் காசு கேட்பவரிடம் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் அனுமதிக் கடிதம் எப்படி வரும் என்பதையும் முற்பணம் எந்தச் சூழ்நிலையில் திருப்பித் தரப்படும் என்பதையும் எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். தராவிட்டால் அந்த நம்பரை மகளின் போனிலிருந்தும் எடுத்துவிடுங்கள், நேரடியாக அவளுக்கும் மெசேஜ் போடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். தந்தால் அந்தப் பெயரையும் மகளின் மாவட்ட நிலையையும் எனக்கு எழுதுங்கள், மருத்துவ சபையின் பட்டியலில் சேர்ந்து பார்ப்போம்.